இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்களா? நாக்கைப் பழக்கப் படிப்படியான வழி

ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்வீட்டைக் குறைங்க, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லிவிடுவார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எதைக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. மாலை நாலரை மணிக்கு வாய் நமநமவென்று இருக்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 என்று வந்த பிறகு, அதைத் தெரிந்துகொள்ள நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதிக்குப் பாதி ஒன்றுக்கொன்று முரண். நீங்கள் அந்த அலைச்சலில் மாட்ட வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றோ, புதிதாகச் சர்க்கரை நோய் என்றோ, எடை கூடிவிட்டது என்றோ சொல்லப்பட்ட பெரியவர்களுக்கானது இது. கர்ப்பிணிகள், குழந்தைகள், இன்சுலின் போடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

1. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் பத்தியம்

இன்றே சர்க்கரை டப்பாவைத் தூக்கி எறியத் தோன்றும். ஒரு நாள் பொறுங்கள். தொடக்க எண் கையில் இல்லாவிட்டால், பின்னால் நீங்கள் செய்தது பலித்ததா இல்லையா என்றே தெரியாது.

தேவையானவை நாலுதான்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, எச்பிஏ1சி, ஹீமோகுளோபின் அடங்கிய முழு ரத்த எண்ணிக்கை. தைராய்டு பார்க்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கும், சர்க்கரைப் பரிசோதனைக்கு அங்கே காசு இல்லை. தனியார் லேபில் எச்பிஏ1சிக்கு எங்கள் பக்கம் 400 முதல் 600 ரூபாய் வரை வாங்குகிறார்கள், ரத்த எண்ணிக்கைக்கு 250 முதல் 400 வரை. "முழு உடல் பரிசோதனை, எழுபது டெஸ்ட், பாதி விலை" என்று கவுண்டரில் ஆசை காட்டுவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் எடுங்கள்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. எச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை. அது ஏறக்குறைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, ஆகவே டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியமாக இருப்பதால் எண் இறங்காது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். ரத்த எண்ணிக்கையையும் சேர்த்து எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு, குறிப்பாகப் பெண்கள் கவனிக்க வேண்டியது. பச்சரிசியை வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா? பல்பம், சாம்பல், திருநீறு, மண், ஐஸ் கட்டி இவற்றின் மேல் ஆசை வருகிறதா? நம் வீடுகளில் இதைச் சின்ன வயசுப் பழக்கம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பல நேரம் இரும்புச்சத்துக் குறைந்ததன் அறிகுறி அது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. அதற்கு வேண்டியது வைத்தியம், மன உறுதியை வைத்து அடக்கிப் பார்ப்பது வீண். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

2. ஒரு ஃபைலில் வைக்க வேண்டியவை

பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டு, ஆதார் நகல், ஒரு நாற்பது பக்க நோட்டு. மருந்துச் சீட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடும். அப்போது வரும் நடுக்கப் பசியை ஆசை என்று நினைத்து அடக்கினால் ஆபத்து.

3. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லாரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். எனக்கு மிகவும் உதவியதும் இதுதான். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், ஆனால் ஏதாவது ஒன்றின் மேல் ஆசை எழும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். மணி, இடம், கூட யார், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது, நாக்கு கேட்டது என்ன, பசி பத்துக்கு எவ்வளவு. பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு முந்தைய சில நாள் ஆசை கூடுவது பலருக்கும் உண்டு.

என் நோட்டில் ஒரு வரி இது: "மாலை 4.40. ஆபீஸுக்கு எதிரே டீக்கடை. கூட இரண்டு பேர். மதியம் 1 மணிக்குச் சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். கேட்டது வாழைக்காய் பஜ்ஜி. பசி 3." அதே வாரம் விடுமுறை நாளில் அதே நேரம் வீட்டில் இருந்தேன், அந்தக் கட்டம் காலி. வயிறு ஒன்றுதான், மணியும் ஒன்றுதான். எண்ணெய் காயும் வாசனையும் அந்த வாசலும் அந்தக் கூட்டாளிகளும் மட்டும் இல்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஆசையை என் குணக்கேடாக நினைப்பதை விட்டுவிட்டேன். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பத் தின்றால், அந்த இடமும் நேரமும் வந்ததுமே உடம்பு தயாராகிவிடுகிறது, எச்சில் ஊறுகிறது. பழக்கம் போட்ட முடிச்சு அது.

பசியா ஆசையா என்று தெரியவில்லையா? "இப்போது ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்தால் சாப்பிடுவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் பசி. பஜ்ஜிதான் வேண்டும் என்றால் ஆசை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

4. பசி என்று தெரிந்தால் சோறு போடுங்கள்

நோட்டில் பசி 6, 7 என்று நிறைய வரிகள் இருந்தால், எதை எப்போது தின்னலாம் என்று விதி எழுத உடனே உட்காராதீர்கள். முதலில் சாப்பாட்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள். காலையில் ஒரு காபியோடு ஓடி, மதியம் இரண்டரைக்குச் சாப்பிடுகிறவருக்கு இரவு எட்டு மணிக்கு எதைக் கண்டாலும் ஆசை வரத்தான் செய்யும்.

நம் காலைச் சாப்பாட்டில் குறைவது புரதம். நாலு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் பதினொரு மணிவரை தாங்குவதில்லை. மூன்று இட்லியோடு ஒரு முட்டை, அல்லது பாசிப்பயறு தோசை, பருப்பு கூடுதலாகப் போட்ட அடை, ஒரு கிண்ணம் சுண்டல். மாலைக்கு ஒரு பொட்டலம் வறுகடலையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை சில ரூபாய்க்கே கிடைக்கிறது, டப்பாவில் விற்கும் புரத மாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய மறுநாள் நோட்டில் எத்தனை வரி கூடுகிறது என்று எண்ணுங்கள்.

5. விதியை எழுதுங்கள்

இங்கே இரண்டு பக்கமும் குழி. ஒன்று, "தினமும் கொஞ்சமே கொஞ்சம்". இன்னொன்று, "இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டேன்".

முதலாவது நியாயமாகத் தெரியும், வீட்டில் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத் துண்டு மைசூர்பாகு என்று வைத்தால், நாக்கு தினமும் சாப்பாடு முடிந்ததும் அதை எதிர்பார்க்கும். அரைத் துண்டு தீர்ந்ததும் மீதி அரைக்கு மனசு பேரம் பேசும். அமெரிக்காவில் எடைக் குறைப்புக்காக நடந்த ஒரு ஈராண்டு ஆய்வில் பங்கேற்றவர்களின் ஆசைகளை லூசியானாவிலுள்ள பென்னிங்டன் ஆய்வு மையத்தினர் அலசி, 2017இல் வெளியிட்டார்கள். ஆசைப்பட்ட பண்டத்தை எத்தனை தடவை சாப்பிட்டார்கள் என்பது குறைந்தபோது ஆசையும் குறைந்தது. ஒரு தடவைக்கு எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதற்கு அந்தத் தொடர்பு இல்லை. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது தடவையை.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். ஜென்மத்துக்கும் இல்லை என்று சபதம் போட்டவர் ஒரு கல்யாணத்தில் ஒரு ஜாங்கிரி தின்றுவிட்டால், "சரி, விதிதான் உடைந்துவிட்டதே" என்று மறுநாளும் தின்பார். சபதத்துக்கு நடுவழி கிடையாது.

நல்ல விதியில் எது, எப்போது, எங்கே, எவ்வளவு என்ற நான்கும் இருக்கும். என் விதி இது: "ஸ்வீட் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும். வீட்டில் உட்கார்ந்து. ஒரு துண்டு. பெட்டியாக வாங்குவதில்லை." உங்கள் சர்க்கரை அளவுக்கு வாரம் ஒன்று சரிதானா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதியதை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள், வீட்டார் கண்ணில் படட்டும்.

தேதி குறித்த விதிக்கு ஏன் இவ்வளவு பலம்? உணவில் இல்லாவிட்டாலும் சிகரெட்டில் இதை அழகாகப் பார்த்திருக்கிறார்கள். புகைபிடிக்கும் இஸ்ரேல் விமானப் பணியாளர்களைக் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் கவனித்த ஆய்வு 2010இல் வந்தது. விமானம் தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் புகைக்கும் ஆசை ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த ஆசை, அதே அளவு நேரம் கடந்த நீண்ட பயணத்தின் நடுவில் இல்லை. எவ்வளவு நேரம் இல்லாமல் இருந்தோம் என்பதைவிட, எப்போது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கே ஆசை ஆடுகிறது.

புரட்டாசியில் கவுச்சி தொடாத வீடுகளில் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாரம் மூன்று நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிறவர் அந்த மாதம் முழுக்க அமைதியாக ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறார். வீட்டில் சமைக்கமாட்டார்கள், யாரும் நீட்டமாட்டார்கள், முடியும் தேதி தெரியும். "இன்றைக்கு ஒரு துண்டு மட்டும்" என்ற கேள்வியே எழுவதில்லை. ஐப்பசி முதல் ஞாயிறு நெருங்கும்போதுதான் நாக்கு விழித்துக்கொள்ளும். உங்கள் விதியும் அந்த மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். "முடிந்தவரை குறைப்பேன்" என்று எழுதினால் தினமும் மாலை உங்களுக்கும் நாக்குக்கும் வாக்குவாதம்தான்.

ஒரு நேரத்தில் ஒரு பண்டத்துக்கு மட்டும் விதி. இனிப்பு, பஜ்ஜி, பரோட்டா, மிக்சர் என்று நாலையும் ஒரே திங்கட்கிழமை நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் கடினம், மூன்றாவது வாரம் நோட்டில் வரிகள் குறையத் தொடங்கும். அதன் பிறகு அடுத்த விதி.

இந்தப் படியில் காசு போகும் வழிகள் சில. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். கூடுதல் விலை கொடுத்து, "இது நல்லது" என்று இரண்டு கரண்டி அதிகமாகப் போட்டுக்கொள்வதுதான் நடக்கிறது. சர்க்கரை நோயாளிக்கென்று விற்கும் பிஸ்கட்டில் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்கள் அளவு வரிசையில்தான் அச்சாகும், முதல் பெயர் மைதா என்றால் வைத்துவிட்டு வாருங்கள். வாரத்தில் ஒரு நாள் முழுக்க எது வேண்டுமானாலும் தின்னலாம் என்ற ஏற்பாடும் வேண்டாம். விதி தருவது ஒரு துண்டு, அந்த நாள் முழுவதும் அல்ல.

6. டீக்குத் தனிக் கணக்கு

கடை டீயில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறக்குறைய 10 கிராம். நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம், ஒரு ஸ்வீட்டும் தொடாமலே. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25க்குக் கீழே என்கிறது. பலருக்கு மைசூர்பாகைவிட டீதான் பெரிய கணக்கு.

கடையில் "சர்க்கரை கம்மியா" என்று கேட்பது வேலைக்காகாது, மாஸ்டர் கைக்கு எது கம்மியோ அதுதான் விழும். "அண்ணே, சர்க்கரை போடாம ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் அரைக் கரண்டி தனியாக வாங்கி நீங்களே கலக்குங்கள். சில வாரத்தில் அரையும் வேண்டாமல் போகும். அமெரிக்காவில் மோனெல் மையத்தார் நடத்திய ஒரு சோதனையில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்தவர்களுக்கு அதே அளவு சர்க்கரை போட்ட புட்டிங் முன்னைவிட இனிப்பாகத் தெரிந்தது. நாக்கு அந்த அளவுக்கு மாறும், ஆனால் ஒரு வாரத்தில் மாறாது.

7. இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள்

நோட்டில் அதிகம் வரும் இடம் எதுவோ அதற்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்யுங்கள். டீக்கடை என்றால், அதே நண்பர்களோடு பஜ்ஜி போடாத வேறு கடை. டிவி முன்னால் மிக்சர் என்றால், எதைத் தின்றாலும் தட்டில் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும். இரவு பத்து மணிக்குப் பிரியாணிப் படம் அனுப்பும் செயலியின் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். பலகாரத் தூக்கை மேல் பரணில் ஏற்றுங்கள். இதற்கெல்லாம் செலவே இல்லை.

8. ஆசை ஏறி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்

ஆசை என்பது பாதிக்கு மேல் படம்தான். பொன்னிறம், மொறுமொறுப்பு, சட்னியில் தோய்ப்பது எல்லாம் மனசில் ஓடும். அந்தப் படத்தை வெளியேற்றக் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் விளையாட்டைச் சில நிமிடம் ஆடவிட்டுப் பார்த்தார்கள், ஆசையின் வேகம் தணிந்தது. அந்த மாதிரிக் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் எதையும் முயன்று பாருங்கள். என் மனைவி நோட்டின் பின்பக்கத்தில் சிக்குக் கோலம் போடுகிறாள், ஒரு கோலம் முடிவதற்குள் வேகம் போய்விடுகிறது என்கிறாள். "நினைக்கவே கூடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது மட்டும் வேண்டாம், நினைப்பு கூடத்தான் செய்யும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கை நடுக்கம், வியர்வை, படபடப்போடு வந்தால் அது ஆசை அல்ல. குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விதி அப்போது செல்லாது.

9. விசேஷ வீடு

இலையில் உட்கார்ந்ததுமே ஜாங்கிரி வந்துவிடும். இலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட, பரிமாறுகிறவர் பக்கத்தில் வரும்போதே "இனிப்பு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுங்கள். உறவுக்காரர் வீட்டில்தான் சிரமம். "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோப்பா, ஒண்ணும் ஆகாது" என்று அத்தை தட்டை நீட்டும்போது, நோயை விளக்க ஆரம்பித்தால் அவரும் வைத்தியம் சொல்ல ஆரம்பிப்பார். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அத்தை, கட்டிக் குடுங்க, கொண்டு போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். விரதம் என்றால் நம்மவர்கள் மதிப்பார்கள், கிழமை சொன்னாலும் அதே மரியாதை கிடைக்கிறது. அன்பை மறுத்த மாதிரியும் ஆகாது.

தீபாவளி, பொங்கல் வாரத்துக்கு விதியை முன்கூட்டியே மாற்றி எழுதுங்கள். ஞாயிறுக்குப் பதில் தீபாவளியன்று என்று எழுதிவிட்டால், அது விதிக்குள்தான்.

10. உணவு ஆலோசகரிடம் போவதென்றால்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயட்டீஷியன் இருப்பார்கள். காலை ஓபிச் சீட்டு வாங்கி, டாக்டர் எழுதித் தந்தால் பார்க்கலாம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். தனியாரில் முதல் ஆலோசனைக்கு எங்கள் பக்கம் 500 முதல் 1,000 ரூபாய். ஃபைலையும் அந்த ஒரு வார நோட்டையும் நீட்டுங்கள். நோட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர் நல்லவர். நோட்டைத் திறக்காமல் ஓட்ஸும் பிராக்கலியும் அச்சடித்த தாளைக் கொடுத்து மூன்று மாதப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மறுபடி போகவே வேண்டாம்.

11. எப்போது திரும்ப டெஸ்ட், எப்போது உடனே டாக்டர்

எச்பிஏ1சியை மூன்று மாதம் முடிந்த பிறகு எடுங்கள். அதற்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு. அதே லேபிலேயே எடுத்தால் ஒப்பிட வசதி.

மூன்று மாதம் காத்திருக்கக் கூடாத சில உண்டு. அடங்காத பசியோடும் தாகத்தோடும் எடை தானாக இறங்குவது. மண், பல்பம் போன்றவற்றின் மேல் ஆசை. ஏகாதசி, சஷ்டி, ரம்ஜான், தவக்காலம் என எந்த நோன்பு தொடங்கும் முன்னும் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாமல் தின்பது, பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பது, தின்றதற்குத் தண்டனையாக அடுத்த நாள் பட்டினி கிடப்பது, இவை இருந்தால் இந்தக் கட்டுரையின் விதிகள் உங்களுக்கு வேண்டாம், அவை நிலைமையை மோசமாக்கும். மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.